ஆண்மைச் சுரப்பும் அதனை அளந்தறியும் முறையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய எனக்கு நமது காரியதரிசி அவர்கள் இம்முறை இலக்கியப் பொருளை விடுத்து உடல்நூற் பொருளொன்றைத் தந்திருக்கின்றனர். “மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தால், எழுந்து வினவ நம்மவர் கூசுவர், நம்முள் ஒருவரே நம் மொழியில் எடுத்துரைக்கட்டும்” என்பது அவர்கள் கூறிய காரணம். யான் மருத்துவன் அல்லேன். ஆயினும், அத்துறை வல்லார் ஒப்ப முடிந்த செய்திகளைத் திரட்டி, நிரல்பட வைத்து, எளிதில் விளங்கச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலின் பாற்பட்டதே. ஆதலின் இசைந்தேன்.

தாய்மார்கள் வீற்றிருக்கும் அவையில் இப்பொருளைப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். தகும் என்பதே என் துணிபு. ஆண்மக்கள் இதனைப் பேச நாணுவதால் விளையும் துன்பத்தில் பெரும்பங்கினைச் சுமப்பவர் தாய்மார்களே. அஃது எங்ஙனம் என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

‘ஆண்மை’ என்னுஞ் சொல்லை முதற்கண் நோக்குவோம். ‘ஆள்’ என்னும் அடியாகப் பிறந்த அச்சொல்லுக்கு ஆளுந்தன்மை என்பது பொருள். திருவள்ளுவர், பிறன் மனைவியை நோக்காத ஒழுக்கத்தைப் ‘பேராண்மை’ என்றார். விடாமுயற்சியை ‘ஆள்வினை’ என்றார். இவற்றுள் எதுவும் குருதியில் ஓடும் ஒரு பொருளின் அளவைப் பற்றியதன்று. பிற்காலத்தே அச்சொல் பொருள் சுருங்கி, ‘ஆண்மைக் குறைவு’ என்பது ஒரு வசையாயிற்று. நீரிழிவென்றும் இரத்தக் கொதிப்பென்றும் பலர் நடுவே கூசாமற் கூறும் வாய், இக்குறையை மருத்துவரிடத்தும் கூற மறுக்கின்றது.

மற்றொரு சொல்லையும் பாருங்கள். மகப்பேறு வாயாத பெண்ணை ‘மலடி’ என்று ஊரார் இரக்கமின்றிக் கூறுவர். ‘மலடன்’ என்னும் ஆண்பாற் சொல்லும் அகராதியில் உண்டு; தெருவில் அதன் ஒலி கேட்பது அரிது. இயற்கையோ இவ்வோரவஞ்சனையைச் செய்யவில்லை. மகப்பேறு தாழ்க்கும் இல்லங்களுள் ஏறக்குறையப் பாதியில், ஆண்பாற் காரணம் தனித்தேனும் பெண்பாற் காரணத்தோடு கலந்தேனும் காணப்படுகின்றது என்பது மருத்துவர் கணிப்பு. உண்மை இதுவாக, பழி முழுவதும் ஒரு பக்கமே சாய்வது அறமாகுமோ? இவ்வினாவை உள்ளத்தே கொண்டு மேற்செல்வோம்.

இனி, அளந்தறிய வேண்டிய பொருள் யாது? ‘டெஸ்டோஸ்டிரோன்’ என மருத்துவர் வழங்கும் ஹார்மோன் அது. யான் அதனை ‘ஆண்மைச் சுரப்பு’ என்று கூறுவேன். ஆண்மகனுடைய விதைகள் இரண்டினும் இது சுரந்து நேரே குருதியிற் கலக்கின்றது. இளமையிற் குரல் தடிப்பதும், மீசை அரும்புவதும், தசை திரள்வதும், எலும்பு உறுதியாவதும், இல்லற விழைவு தோன்றுவதும் இதன் செயல்களே. பெண்டிர் உடலிலும் இது சிறிதளவு சுரப்பதுண்டு.

இதனைக் கண்டறிந்த வரலாறு ஒரு சேவலிலிருந்து தொடங்குகின்றது. 1849-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கெட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர், இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கினார். அவை கொண்டை சிறுத்து, கூவாமலும் போரிடாமலும் வளர்ந்தன. வேறு சிலவற்றுக்கு, நீக்கிய விதையை வயிற்றினுள்ளே ஒட்டவைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அற்றுப் போயிருந்தும், அவை கொண்டை சிவந்து கூவின. எனவே, விதையினின்று ஏதோ ஒன்று குருதிவழியே உடலெங்கும் செல்கின்றது என்று அவர் முடிபு செய்தார்.

நாற்பதாண்டு கழித்து, 1889-இல், பாரிஸ் நகரத்தில் பிரௌன்-சேக்கார் என்னும் புகழ்பெற்ற உடல்நூலறிஞர், தமது 72-ஆம் வயதில், விலங்குகளின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசிவழி ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிற்று என்று அறிவித்தார். உலகம் வியந்தது, அவ்வகைச் சாறுகளின் வியாபாரமும் பெருகிற்று. நீரிற் பிழிந்த அச்சாற்றில் இச்சுரப்பு பயன்படும் அளவில் இருத்தல் இயலாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் வலிமையே. பேரறிஞர் ஒருவரையே மயக்கிய பொருளில், விளம்பரத்தைக் கண்டு எளிய மக்கள் மயங்குவது வியப்பன்று.

மெய்ப்பொருள் கிட்டியது 1935-ஆம் ஆண்டில். ஆம்ஸ்டர்டாம் நகரத்து லாக்கெர் குழுவினர் காளைகளின் விதையினின்று இதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்னும் பெயரையும் இட்டனர். அதே ஆண்டில் புட்டெனாண்ட், ருசீக்கா என்னும் இருவர் தனித்தனியே இதனைச் சோதனைச்சாலையில் ஆக்கிக் காட்டினர். 1939-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவ்விருவர்க்கும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஒரு மனிதன் குருதியில் இஃது எத்துணை உள்ளது என அளப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. குருதியில் இதன் அளவு, ஒரு டெசிலிட்டருக்குச் சில நூறு நானோகிராமே. ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்த ஒரு பங்கு நானோகிராம் எனப்படும். ரோசலின் யாலோ என்னும் அம்மையாரும் பெர்சன் என்பவரும் வகுத்த நுண்ணளவு முறையே இவ்வரிய வேலையை எளிதாக்கிற்று. அம்மையார்க்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆண்மையின் அளவை உலகறியச் செய்த வழியை வகுத்தவருள் ஒருவர் பெண்மணி என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க.

நிற்க. இச்சுரப்பு உடலில் ஆளப்படும் முறையை, ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு விளக்குவது எளிது. ஏரியில் நீர் உண்டு, மதகு உண்டு, வயலின் நிலையைப் பார்த்து மதகைத் திறந்தும் அடைத்தும் விடும் நீர்க்கட்டி ஒருவன் உண்டு. விதையே ஏரி, குருதியே வயல், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியே நீர்க்கட்டி. குருதியிற் சுரப்பு குறைந்தால், ‘எல்.எச்.’ என்னும் தூது நீரை மிகுத்து அனுப்பி, ‘இன்னும் சுரக்க’ என விதைக்கு ஆணையிடும். நிறைந்தால், ஆணையை அடக்கும். ‘எஃப்.எஸ்.எச்.’ என்னும் மற்றொரு தூது நீர் விந்தணு உண்டாவதற்கு உதவும். இவ்வுவமையை மறவாதீர்கள்; பின்னர் இரண்டிடங்களில் இது நமக்குப் பயன்படும்.

இனிக் குறைவின் அறிகுறிகள். இவற்றை மூன்று பருவமாகப் பிரித்துக் கூறுவேன்.

முதலாவது குழந்தைப் பருவம். ஆண்மகவை நீராட்டும் தாய்மார்கள், விதை இரண்டும் பையில் இறங்கியுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஆறு திங்கள் நிரம்பியும் இறங்காவிடின் மருத்துவரிடம் காட்டுக. பதினெட்டுத் திங்களுக்குள் சிறு அறுவைச் சிகிச்சையால் அதனைச் சீர்செய்தல் நன்று. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று வாளாவிருத்தல், பிற்காலத்து மகப்பேற்றுக்கு ஊறு செய்யும்.

இரண்டாவது விடலைப் பருவம். பதினான்கு வயது நிரம்பியும் விதை பருத்தல், உரோமம் அரும்புதல் முதலிய பருவக் குறிகள் தொடங்காவிடின், அப்பிள்ளையை மருத்துவர் பார்த்தல் வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது வெறும் காலத்தாழ்வே. தந்தையார்க்கும் அங்ஙனமே இருந்திருக்கலாம். சிலர்க்கோ உள்ளே காரணம் இருக்கும். பருவம் தாழ்ப்பதோடு, பூ மணமும் குழம்பின் மணமும் அறியாத மூக்கு இருக்குமாயின், அது மூளையிலிருந்து ஆணை பிறவாமையைக் காட்டும் பிறவிக் குறையாகலாம். வகுப்பில் இத்தகைய பிள்ளையை ஏளனம் செய்யும் மாணாக்கரை ஆசிரியர் அடக்குதல் வேண்டும். பெற்றோர்க்குத் தனித்துச் சொல்லுதலும் வேண்டும்.

மூன்றாவது, வளர்ந்த ஆடவர் நிலை. இங்கே அறிகுறிகளைச் சிறப்புடையன, பொதுவாயின என இரு கூறாக்குக. இல்லற விழைவு வெகுவாகக் குன்றுதல், விடியற்காலத்தில் இயல்பாய் நிகழும் உறுப்பெழுச்சி அற்றுப்போதல், சவரம் செய்யும் தேவை அருகுதல், அக்குளிலும் அடிவயிற்றிலும் உரோமம் உதிர்தல், மார்பு பெண்டிர்க்குப் போலப் பருத்து நோதல், விதை சிறுத்தல், சிறு வீழ்ச்சியிலும் எலும்பு முறிதல், மகப்பேறின்மை ஆகிய இவை சிறப்புடையன. சோர்வு, மனவாட்டம், உறக்கக் கேடு, கவனக் குறைவு, தசைத் தளர்ச்சி, இரத்தச் சோகை ஆகியவை பொதுவாயின. பின்னவற்றைக் கொண்டு மட்டும் ஒருவர்க்கு இக்குறை உண்டு என்று துணிதல் கூடாது. கடன் தொல்லையும் சோர்வு தரும், தைராய்டு குறையும் சோர்வு தரும், உறக்கமின்மையும் சோர்வு தரும்.

ஐரோப்பாவில் எட்டு நகரங்களில், 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆடவரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிபு இதனை நன்கு காட்டும். விழைவின்மை, விடியல் எழுச்சியின்மை, உறுப்புத் தளர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்து, குருதியின் அளவும் தாழ்ந்திருந்தோர் நூற்றுக்கு இருவரே. சோர்வுற்ற ஆடவர் எல்லாரும் ஆண்மைச் சுரப்பு குன்றியவர் என்னும் விளம்பரம் பொய் என்பது இதனால் விளங்கும்.

உறுப்புத் தளர்ச்சியைப் பற்றித் தனியே ஒரு சொல். அது பெரும்பாலும் இச்சுரப்பின் குறைவால் வருவதன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றால் இரத்தக் குழாய்கள் கெடுவதனால் வருவதே மிகுதி. உறுப்புக்குச் செல்லும் குழாய் நெஞ்சுக்குச் செல்லும் குழாயினும் நுண்ணிது. ஆதலின் அது முன்னரே அடைபடும். இக்குறையை நாணி மறைப்பவர், நெஞ்சு நோயின் முன்னெச்சரிக்கையை மறைப்பவராகலாம்.

இனி, பரிசோதனை. இஃது ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே. ஆயினும், முறை தவறி எடுத்தால் நலமுடையாரை நோயாளியாக்கும். ஆகவே ஐந்து விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, காலம். இச்சுரப்பு விடியலில் உயர்ந்து மாலையில் தாழும் இயல்பினது. ஆதலால் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே குருதி கொடுத்தல் வேண்டும். அலுவலகம் முடிந்து மாலையிற் சென்று கொடுத்து, ‘குறைந்துவிட்டது’ என்று கலங்குவது வீண். இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்து பகலில் உறங்குவோர், தம் வழக்கத்தை மருத்துவரிடம் முன்னரே கூறுக.

இரண்டு, வெறும் வயிறு. உணவு, சிறப்பாகச் சர்க்கரை, அளவினைத் தாழ்த்தும். காப்பியும் பலகாரமும் குருதி கொடுத்த பின்னரே ஆகுக.

மூன்று, நலமான நாள். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மருத்துவமனை வாசம் ஆகியவற்றின் போதும், அவை நீங்கிய உடனேயும் அளத்தல் ஆகாது. எந்த நோயும் இச்சுரப்பைத் தற்காலிகமாகத் தாழ்த்தும். நோய் நீங்கத் தானே மீளும்.

நான்கு, இருமுறை. முதன்முறை குறைவாகக் கண்டவருள் பலர்க்கு மறுமுறை இயல்பாகவே காணும். ஆதலின், வேறொரு நாள் காலையில் மீண்டும் அளந்து, இருமுறையும் குறைவாயின் அன்றி ஒன்றும் துணிதல் கூடாது. இயன்றவரை ஒரே பரிசோதனை நிலையத்தில் கொடுத்தல் நன்று.

ஐந்து, உட்கொள்ளும் மருந்துகளை மறையாமை. வலி போக்கும் அபின் இன மருந்துகள், நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநோய் மருந்துகள் சில ஆகியவை சுரப்பைத் தாழ்த்தும். கூந்தலுக்கென உண்ணும் பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் அளவையே பிழைபடக் காட்டும். எல்லாவற்றையும் மருத்துவரிடம் கூறுக.

சீட்டில் வரும் எண்ணை எவ்வாறு படிப்பது? அமெரிக்க நாட்டுச் சிறுநீரகத் துறை மருத்துவர் சங்கம் 2018-இல் வகுத்த நெறிப்படி, டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருமுறை காணின் அது குறைவாகும். வேறு அலகில் கூறின், லிட்டருக்கு ஏறக்குறைய 10.4 நானோமோல். உடல் பருமனில்லாத, 19 முதல் 39 வயது வரையுள்ள அமெரிக்க, ஐரோப்பிய ஆடவரை ஆராய்ந்தோர் 2017-இல் கண்ட இயல்பெல்லை 264 முதல் 916 வரை. எல்லை எத்துணை அகன்றது பாருங்கள்! 400 உடையவர் 800 உடையவரைக் கண்டு ஏங்க வேண்டுவதில்லை; இருவரும் நலமுடையவரே. நிலையத்துக்கு நிலையம் எல்லை சிறிது வேறுபடும் ஆதலின், சீட்டில் அச்சிட்ட எல்லையையும் ஒப்பிட்டுப் பார்க்க.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குருதியிலுள்ள சுரப்பிற் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து நிற்கும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பங்கே தனித்துத் திரியும். பருமனும் நீரிழிவும் உடையார்க்கு அப்பிணைக்கும் புரதங்களுள் ஒன்று குறையும். ஆகவே மொத்த அளவு தாழ்ந்து தோன்றினும் தனித்த அளவு போதியதாக இருக்கலாம். முதுமையிலும் கல்லீரல் நோயிலும் அப்புரதம் மிகுதலால், மொத்தம் நன்றெனத் தோன்றினும் தனித்தது குறைந்திருக்கலாம். ஆகவே எண் எல்லைக்கோட்டருகே நிற்குமாயின், ‘தனித்த அளவு யாது?’ என்று மருத்துவரை வினவுக.

குறைவு உறுதியாயின், அடுத்த வினா ‘ஏன்?’ என்பது. பலர் இவ்வினாவைக் கேளாமலே மருந்துக்குச் செல்கின்றனர். இவ்விடத்தில் நம் நீர்க்கட்டி உதவுவான். தூது நீரையும் அளந்து பாருங்கள். ஆணை மிகுந்தும் சுரப்பு குறைந்தால், பழுது ஏரியில், அஃதாவது விதையில். பருவம் வந்தபின் பொன்னுக்கு வீங்கி கண்டு விதை வீங்கியோர், விதையில் அடிபட்டோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றோர் ஆகியோரிடம் இது காணும். கிளைன்ஃபெல்ட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1942-இல் விவரித்த பிறவி நிலையும் ஒன்றுண்டு; ஆண்மகவு ஏறக்குறைய 600-க்கு ஒன்று, மிகுதியான ஒரு ‘எக்ஸ்’ நிறக்கோலோடு பிறக்கின்றது. நெடிய உருவமும் சிறிய விதையும் உடைய அவர்களிற் பலர், மணமாகி மகப்பேறு வாயாத பின்னரே இதனை அறிகின்றனர். பலர் இறுதிவரை அறியார்.

ஆணையே குறைந்திருந்தால், பழுது நீர்க்கட்டியிடம். பிட்யூட்டரியில் வளரும் சிறு கட்டி, மிகுந்த புரோலாக்டின், தலசீமியா நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டோர்க்குச் சேரும் மிகை இரும்பு, பெரும்பருமன் ஆகியவை காரணமாகலாம். தலைவலியோடு பக்கப்பார்வை குன்றுமாயின், காலந்தாழ்த்தாது செல்லுதல் வேண்டும். ஆண்மைக்குறை என்று நாணி மறைத்தது, மூளையடியில் வளரும் கட்டியாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, முன்னர் நிறுத்திவைத்த மகப்பேற்று வினாவுக்கு வருகின்றேன். என்பால் முன்னர்த் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர். பேரும் ஊரும் வேண்டா. மணமாகி மூன்றாண்டு மகவில்லை. அவர் மனைவியை மூன்று மருத்துவமனைகளில் பரிசோதித்தனர். கோயில்தோறும் நோன்பிருக்கச் செய்தனர். வளைகாப்பு வீடுகளுக்கு அழையாதொழிந்தனர். கணவரோ திரண்ட தோளும் அகன்ற மார்பும் உடையவர். அவரைப் பரிசோதிக்கும் எண்ணமே ஒருவர்க்கும் எழவில்லை. இறுதியில் ஒரு மருத்துவ அம்மையார் வற்புறுத்த, விந்துப் பரிசோதனை நடந்தது. உயிரணு ஒன்றேனும் இல்லை. காரணம் யாது? உடற்பயிற்சிக் கூடத்தில் தசை பெருக வேண்டி அவர் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசி!

ஆண்மைச் சுரப்பே விந்தணுவை அழிக்குமோ என்று வியக்கின்றீர்கள். நீர்க்கட்டியை நினையுங்கள். புறத்தேயிருந்து நீரைக் கொணர்ந்து வயலை நிரப்பினால், ‘வயல் நிறைந்தது’ என்று கருதி அவன் மதகை அடைத்துவிடுகின்றான். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் அடங்குகின்றன, விதை தொழிலை விட்டுச் சுருங்குகின்றது, விந்தணு அற்றுப்போகின்றது. உலகச் சுகாதார நிறுவனத்தார் இவ்வூசியை ஆடவர்க்குரிய கருத்தடை முறையாகவே பல நாடுகளில் ஆராய்ந்து, 1990-இல் முடிபு வெளியிட்டனர். கருத்தடையாக ஆராயப்பட்ட ஊசியை, மகவு வேண்டுவோர் ஆண்மை மருந்தென்று ஏற்றிக்கொள்ளும் பேதைமையை என்னென்பது!

அவ்விளைஞர் ஊசியை நிறுத்தினார். மருத்துவர் மேற்பார்வையில் ஓராண்டளவில் உயிரணு மீண்டது. எல்லார்க்கும் அங்ஙனம் விரைவில் மீளும் என்று உறுதி கூற இயலாது. மூன்றாண்டு அப்பெண் கேட்ட சொற்களையோ, சொன்னவர் ஒருவரும் மீட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே, மகவு வேண்டும் ஆடவர் எக்காரணத்தாலும் இவ்வூசியையோ பூச்சையோ மேற்கொள்ளற்க. பழுது பிட்யூட்டரியில் இருப்பின், விதையைத் தூண்டும் வேறு ஊசிகள் உள்ளன. அவற்றால் விந்தணுவும் உண்டாகலாம். மற்றொன்றும் அறிக: ஆண்மைச் சுரப்பு இயல்பாயிருத்தல் விந்தணு நலத்துக்குச் சான்றாகாது. விந்துப் பரிசோதனை வேறு, இப்பரிசோதனை வேறு. மகப்பேறு வேண்டுவோர் முன்னதை முதலில் செய்க.

நடுவயதினர்க்கும் முதியோர்க்கும் சில சொற்கள். முப்பது நாற்பது வயதுக்குமேல் இச்சுரப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு தாழ்வது இயல்பு, அது நோயன்று. ஐம்பது வயதில் அளவு வெகுவாகத் தாழ்தற்கு வயதினும் தொந்தியே பெருங்காரணம். எடை குறையச் சுரப்பு உயரும். சிகாகோ நகரில் 2011-இல் பத்து இளைஞரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணிநேரமே உறங்கச் செய்து அளந்தபோது, பகலளவு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு தாழ்ந்தது. நடை, உறக்கம், மதுவை விடுதல், நீரிழிவை அடக்குதல் ஆகிய இவற்றிற்குச் சீட்டும் வேண்டா, செலவும் இல்லை.

மெய்யாகவே குறைவுடையார்க்கு மருந்து பெருநன்மை தரும். அதனை அஞ்ச வேண்டா. எலும்பும் இரத்தமும் விழைவும் சீர்படும். ஆயின் முதுமையை ஓட்டும் மருந்தாக அதனை எண்ணற்க. 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு தாழ்ந்த 790 பேர்க்குக் கொடுத்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டபோது, விழைவு ஓரளவு மேம்பட்டது. களைப்பு நீங்கும் பயன் தெளிவாகக் காணவில்லை. நெஞ்சு நோய் உடையாரும் அதற்கு ஏதுவுடையாருமாகிய ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு முடிபு, மாரடைப்பு மிகவில்லை என்று ஆறுதல் தந்தது. எனினும் நெஞ்சுத்துடிப்பு ஒழுங்கு குலைதலும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் சிறிது மிகுந்தன. புராஸ்டேட் புற்றுநோய் உடையார்க்கு இம்மருந்து பொதுவாக ஆகாது. மருந்து கொள்வோர் இரத்தம் தடிக்கின்றதா என்று அவ்வப்போது பார்த்தல் வேண்டும். ஆதலின் இது மருத்துவர் கைப்பட நடக்க வேண்டிய சிகிச்சையேயன்றி, நண்பர் சொற்படி நடக்க வேண்டியதன்று.

இறுதியாக, போலி வைத்தியரைப் பற்றிக் கூறாது விடுதல் தகாது. ஊர்தோறும் லாட்ஜ் அறையில் தங்கி, ‘இளமையிற் செய்த பிழையால் நரம்பு தளர்ந்தது’ என்று இளைஞரை அச்சுறுத்திப் பொருள் பறிக்கும் கூட்டத்தை அறிவீர்கள். சிட்டுக்குருவி லேகியத்தின் பெயரை அறியாதார் யார்? ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்னும் பழங்கூற்றே இவர்களுக்கு மூலதனம். விந்து கழிதலால் குருதியில் ஆண்மைச் சுரப்பு அற்றுப்போவதில்லை. இரவில் தானே வெளிப்படுதலும் நோயன்று. இவ்வச்சமே ஒரு மனநோயாக இந்நாட்டு இளைஞரை வாட்டுவதைக் கண்ட டாக்டர் விக் என்னும் மனநல மருத்துவர், 1960-இல் அதற்குத் ‘தாது நோய்க்குறி’ எனப் பெயரிட்டார். அதற்கு மருந்து தெளிவான அறிவுரையே. இன்ப ஆற்றலைப் பெருக்கும் மருந்தென விளம்பரம் செய்தல் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. சட்டம் இருந்தும் வியாபாரம் நடக்கின்றதே, ஏன்? நம் நாணமே அதற்குக் காவல். மருத்துவமனைக்குப் பகலிற் செல்ல நாணுபவன், லாட்ஜுக்கு இருட்டிற் செல்கின்றான்.

அன்பர்களே! யான் இதுகாறும் கூறியவற்றின் பிழிவு இதுவே. அறிகுறி கண்டால் மறைக்காதீர்கள். காலையில், வெறும் வயிற்றில், நலமான நாளில், இருமுறை அளந்து பாருங்கள். குறைவாயின் காரணம் கேளுங்கள். காரணம் அறியுமுன் ஊசி ஏற்றாதீர்கள்.

நம் சங்கத்து இல்லங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பமும் உண்டு. மணமாகி ஓராண்டு கடந்தும் மகவு வாயாத வீட்டில், மருமகளை மருத்துவரிடம் அனுப்பும் நாளிலேயே மகனையும் உடன் அனுப்புங்கள். மாமியார்மாரே, இதனை நீங்கள் சொன்னால் நடக்கும். தந்தைமாரே, ‘எங்கள் குலத்தில் அப்படி ஒருவரும் இல்லை’ என்னும் சொல்லை விட்டுவிடுங்கள். நிறக்கோலும் பிட்யூட்டரியும் குலம் பார்ப்பதில்லை. இளைஞர்களே, குருதியிற் காணும் எண்ணுக்கும் உங்கள் மதிப்புக்கும் தொடர்பில்லை. தன் குறையை அஞ்சாது ஆராய்ந்து, தன் பழியைப் பிறள் மேல் ஏற்றாதிருத்தலையே யான் ஆண்மை என்பேன்.

வினவ விரும்புவோர் வினவலாம். அவையில் வினவக் கூசுவோர் தம் மருத்துவரைத் தனியே சென்று வினவுக. வினவாதிருத்தல் மட்டும் வேண்டா.